ஜப்பானியருக்குத் தேர்வு இல்லை, எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: கோவையில் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். ஒரு விபத்துகூட இல்லை. நான்கு மாதம் முன்பு வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்தேன். வரும்போதே சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம், அதாவது ஐடிபி, எடுத்துக்கொண்டு வந்தேன். அது ஒரு வருடம் செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. இங்கே உரிம அலுவலகத்தில் கேட்டால் ஆறு மாதம்தான், அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும் என்கிறார்கள். என்னோடு வேலையில் சேர்ந்த ஜப்பானிய நண்பர் எந்தத் தேர்வும் இல்லாமல் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டுவிட்டார். இது பாகுபாடு இல்லையா? உலகம் முழுவதற்கும் ஒரே ஓட்டுநர் உரிமம் என்று கொண்டுவந்தால் சாலைப் பாதுகாப்பும் கூடுமே? இன்னொன்று: தேர்வே இல்லாமல் போலந்து உரிமம் வாங்கித் தருகிறேன் என்று இணையத்தில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்களோ அந்த நாடுதான் உங்களுக்கு உரிமம் தர முடியும். வருடத்தில் குறைந்தது 185 நாள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் வசிப்பது ஸ்டுட்கார்ட்டில். அப்படியானால் அந்த நபர் தரும் போலந்து அட்டை ஒன்று முழுப் போலியாக இருக்கும், அல்லது பொய் முகவரியில் வாங்கியதாக இருக்கும். ஒன்றிய நாடுகளின் உரிமப் பதிவேடுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை என்பதால் எண்ணைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பணம் போவது ஒரு பக்கம். போலி ஆவணம் காட்டியதாக வழக்கு வந்தால் உங்கள் விசாவும் வேலையும் ஆட்டம் காணும். இப்படி ஏமாந்த இரண்டு பேர் பிறகு, இங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் என்னிடமே பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். இருவருமே படித்தவர்கள், நல்லவர்கள். அவசரம்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

அடுத்து அந்த ஐடிபி. அது தனி உரிமம் இல்லை. உங்கள் இந்திய உரிமத்தின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். 1949-ல் ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி இந்தியா அதை வழங்குகிறது. சுற்றுலா போகிறவர், சில மாத வேலைக்குப் போகிறவர் கையில் இருக்கும் உரிமத்தை வெளிநாட்டுக் காவலர் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்பதற்காக உண்டானது அது. புத்தகத்தில் போட்டிருக்கும் ஒரு வருடம் அந்தப் புத்தகத்தின் ஆயுள். ஜெர்மனியில் குடியேறியவருக்கு உள்ள கணக்கு வேறு: இங்கே வீடு எடுத்துக் குடிவந்த நாளிலிருந்து ஆறு மாதம். மொத்தமே ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போய்விடுவேன் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் இன்னும் ஆறு மாதம் நீட்டிக் கேட்கலாம். நீங்கள் நிரந்தர வேலைக்கு வந்தவர் என்றால் அது கிடைக்காது. ஏழாவது மாதம் வண்டி எடுத்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் உரிமமே இல்லாமல் ஓட்டுகிறவர். அது அபராதச் சீட்டோடு முடியும் விஷயமில்லை, குற்ற வழக்கு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை உங்களிடமே திருப்பிக் கேட்கும்.

சரி, உங்கள் மனத்தை உண்மையில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

ஜெர்மனியின் உரிமச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருக்கும் நாடுகளின் உரிமத்தைத் தேர்வில்லாமல், அல்லது ஒரு பகுதித் தேர்வோடு, மாற்றிக்கொள்ளலாம். ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, சுவிட்சர்லாந்து, அமெரிக்காவின் பல மாநிலங்கள் அதில் உண்டு. இந்தியா இல்லை. 'நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால்தான்' என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமில்லை. ஜப்பானும் சிங்கப்பூரும் தென்னாப்பிரிக்காவும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள்தான்.

அந்தப் பட்டியல் சாலைப் பாதுகாப்பை மட்டும் வைத்து எழுதப்பட்டது என்றும் சொல்ல மாட்டேன். மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் சாலையில் சாகிறவர்களின் விகிதம் தென்னாப்பிரிக்காவில் நம்மைவிட அதிகம். அமெரிக்காவில் பல மாநிலங்களின் ஓட்டும் தேர்வு இங்கே நடப்பதில் பாதிகூட இருக்காது. 'என் குடிமகனின் உரிமத்தை நீ ஏற்றுக்கொண்டால் உன்னுடையதை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பரஸ்பர ஏற்பாடும் நாட்டுறவுகளும் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஓட்டுநர் திறமையை அளக்காமல் கடவுச்சீட்டின் செல்வாக்கை அளக்கும் எந்தப் பட்டியலும் குறையுள்ளதுதான்.

ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க 'உலகம் முழுவதற்கும் ஒரே உரிமம்' என்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பாதையில் உண்மையாகவே நடந்து பார்த்தது ஐரோப்பா. அவர்கள் பட்ட பாடு நமக்குப் பெரிய பாடம்.

1980-ல் அவர்கள் முதல் விதியைக் கொண்டுவந்தார்கள். 1991-ல் இரண்டாவது வந்தது. அதன்படி 1996 ஜூலை முதல் ஒரு நாட்டின் உரிமத்தை மற்ற நாடுகள் அப்படியே ஏற்க வேண்டும் என்றானது. அப்போதும் புழக்கத்தில் நூற்றுப்பத்துக்கு மேற்பட்ட வடிவங்களில் உரிமங்கள் இருந்தன. சாம்பல் நிறத் துணித்தாள், இளஞ்சிவப்பு மடிப்பு அட்டை, ஐம்பது வருடம் முந்தைய புகைப்படம் ஒட்டியது என்று விதவிதமாக. நடுராத்திரியில் வேற்று நாட்டு உரிமத்தைக் கையில் வாங்கும் காவலர் அது அசலா, போலியா, இதை வைத்து லாரி ஓட்டலாமா கூடாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? 2013 ஜனவரி 19 முதல் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் அட்டை என்று ஆக்கினார்கள். பழைய அட்டைகள் முழுதும் ஒழிய 2033 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

வண்டி வகைகளையும் ஒன்றாக்கினார்கள். அதற்கு எல்லா நாடும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் பழைய கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஏழரை டன் லாரி வரை ஓட்டலாம். 1999-ல் ஐரோப்பிய வகைக்கு மாறியபோது புதிதாக எடுப்பவர்களுக்கு அது மூன்றரை டன்னாகக் குறைந்தது. நம் ஊர் எல்எம்வி, அதாவது இலகுரக வாகன, உரிமத்தில் இன்றும் ஏழரை டன்தான். அந்த உரிமத்தோடு அந்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆக, இந்தியாவில் 'கார் லைசென்ஸ்' என்பதும் இங்கே 'கார் லைசென்ஸ்' என்பதும் பெயரில்தான் ஒன்று. ஒரே உரிமம் வேண்டும் என்றால் இந்த மாதிரி நூறு இடங்களில் யார் இறங்கி வருவது என்று பேசித் தீர்க்க வேண்டும்.

இதெல்லாம் அட்டை சம்பந்தப்பட்டது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று பிறகுதான் தெரியவந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் இங்குள்ள பயிற்றுநர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியில் ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டு, ரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரொமிலுக்கு, அதாவது ஆயிரத்தில் 1.6 பங்குக்கு, மேல் இருந்தால், உரிமம் போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் மருத்துவர், உளவியலாளர் முன் உட்கார்ந்து தான் மாறிவிட்டதைக் காட்ட வேண்டும். கடினமான பரிசோதனை அது. சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? செக் குடியரசுக்கும் போலந்துக்கும் போய்ப் புதிதாக உரிமம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 2004 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜெர்மனியில் உரிமம் பறிக்கப்பட்ட ஒருவர் வைத்திருந்த நெதர்லாந்து உரிமம் பற்றிய வழக்கு அது. ஒரு நாடு கொடுத்த உரிமத்தை மற்ற நாடு கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு இந்தப் பயணம் ஒரு தொழிலாகவே ஆனது. பேருந்து, விடுதி, தேர்வு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்று விளம்பரம் செய்தார்கள். 'உரிமச் சுற்றுலா' என்று அதற்குப் பெயரும் வந்தது.

எண்ணிப் பாருங்கள். உரிமங்களை ஒன்றாக்கியது சாலைப் பாதுகாப்புக்காக. ஆனால் குடித்து ஓட்டியவர் தப்பிப்பதற்கு அதே ஏற்பாடு வழியைத் திறந்துவிட்டது. 2009 ஜனவரி முதல், ஒரு நாட்டில் உரிமம் பறிக்கப்பட்டவருக்கு இன்னொரு நாடு தரும் உரிமத்தை ஏற்கக் கூடாது என்று விதியைத் திருத்தி அதை அடைத்தார்கள்.

அப்புறமும் ஒரு பாதி திறந்தே கிடந்தது. ஜெர்மானியர் ஒருவர் பிரான்சில் கண்மண் தெரியாமல் ஓட்டித் தடை வாங்கினால் அந்தத் தடை பிரான்சின் எல்லைக்குள் மட்டும்தான். எல்லை தாண்டி வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஓட்டலாம். 2025 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்ற புதிய சட்டம்தான் பெரிய குற்றங்களுக்கான தடையை ஒன்றியம் முழுவதற்கும் செல்லுபடியாக்குகிறது. புதிதாக உரிமம் எடுப்பவருக்குக் குறைந்தது இரண்டு வருடம் கண்காணிப்புக் காலம் என்பதும் அதில் உண்டு. அது நடைமுறைக்கு வர இன்னும் சில வருடம் ஆகும். 1980-லிருந்து கணக்குப் போட்டால் 45 வருடம். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே நாடாளுமன்றம், ஒரே நீதிமன்றம் இருந்தும் இவ்வளவு காலம்.

அதனால்தான் நான் சொல்வது: அட்டையை ஒன்றாக்குவது எளிது. அதற்குப் பின்னால் இருக்கும் பயிற்சி, தேர்வு, தண்டனை மூன்றும் ஒன்றாகாமல் அட்டை மட்டும் ஒன்றானால் பாதுகாப்பு கூடாது, குறையவும் செய்யலாம். இந்தியாவுக்குள்ளேயே இதைப் பார்த்தோமே. 2019 அக்டோபர் 1 முதல் எல்லா மாநிலத்துக்கும் ஒரே வடிவ உரிமம், கியூஆர் குறியோடு. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு ஊரில் கேமராவும் உணர்கருவியும் வைத்த தானியங்கித் தளத்தில் தேர்வு, இன்னொரு ஊரில் மைதானத்தில் ஐந்து நிமிடம் என்று இருக்கிற வரை அட்டை ஒரே நிறமாக இருப்பதால் என்ன பயன்?

என் உரிமக் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் எல்எல்ஆர் எடுத்து ஒரு மாதம் கழித்துத் தேர்வுக்குப் போனேன். ஸ்கூட்டரில் எட்டுப் போட்டேன். காரில் ஐம்பது அடி முன்னால் போய் நிறுத்தினேன். அவ்வளவுதான், முடிந்தது. ஒரு சிக்னலைக்கூட நான் கடக்கவில்லை. பாதசாரி ஒருவர் சாலையைக் கடக்கும்போது நான் என்ன செய்வேன் என்று யாரும் பார்க்கவில்லை. அன்று சந்தோஷப்பட்டேன். பிற்பாடு, அதே வயதில் அதே மாதிரி உரிமம் வாங்கிய என் வகுப்பு நண்பனை விபத்தில் இழந்தபோதுதான், அந்த ஐந்து நிமிடத்தில் எங்களிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்று புரிந்தது. இன்றுவரை என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே வருடம் ஜெர்மனியில் 2,788. ஜெர்மனியின் மக்கள்தொகை நம்மைவிடச் சற்று அதிகம், வேக வரம்பே இல்லாத நெடுஞ்சாலைகளும் இங்கே உண்டு. இந்த வித்தியாசம் முழுவதும் உரிமத் தேர்வால் வந்தது என்று சொன்னால் அது பொய். நம்மிடம் இருசக்கர வண்டிகள் அதிகம், தலைக்கவசம் இல்லை, சாலை அமைப்பிலும் கோளாறு. ஆனால் தேர்வுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை ஒவ்வொரு வாரமும் என் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்கிறேன்.

ஒரு உதாரணம். இங்கே பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்' என்பார்கள். நம் ஊரிலிருந்து வருபவர்களில் அநேகம் பேர் தேர்வில் விழுவது இங்கேதான். 'இப்படி ஒரு விதியே எனக்குத் தெரியாது சார்' என்பார்கள். இந்தியாவின் 1989-ம் வருடச் சாலை விதிகளிலேயே இது இருந்தது: பிரதான சாலை அல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். விதி ஒன்றுதான். கற்றுக்கொடுக்கவும் இல்லை, சோதிக்கவும் இல்லை. நம் ஊரில் யாரும் அப்படி ஓட்டாததால் எல்லோரும் தயங்கித் தயங்கி, ஹாரன் அடித்து, கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டு கடந்துவிடுகிறோம். இங்கே வலப்பக்கத்துத் தெருவிலிருந்து வருபவர் நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி வருவார். அந்த நம்பிக்கையில்தான் அவர் வண்டிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டு வருடம் விபத்தில்லாமல் கோவையில் ஓட்டியது சாதாரணத் திறமை இல்லை. காந்திபுரத்தில் மாலை ஆறு மணிக்கு ஓட்டியவருக்கு வண்டியின் அளவு, பிரேக், கிளட்ச் எல்லாம் கைவந்தது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் பழகியது யாரையும் நம்பாமல் ஓட்டும் கலை. இங்கே கேட்பது, மற்றவர் உங்களை நம்பும்படி ஓட்டுவது. பழையதை முழுதும் விட வேண்டாம், அதன்மேல் இதைக் கட்ட வேண்டும்.

நம் பக்கமும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் வந்தன. கார் பயிற்சி நான்கு வாரத்தில் 29 மணி நேரம், அதில் 8 மணி வகுப்பு, 21 மணி ஓட்டம். அங்கே தேறினால் ஆர்டிஓ அலுவலகத் தேர்விலிருந்து விலக்கு. அந்த மையம் நேர்மையாக நடந்தால் இது பெரிய வரம், நடக்காவிட்டால் இருந்த ஐந்து நிமிடத் தேர்வும் போயிற்று. உங்கள் தம்பியோ தங்கையோ ஊரில் உரிமம் எடுக்கப் போனால் அந்த 21 மணியும் உண்மையாகவே சாலையில் ஓடச் சொல்லுங்கள். 'இந்திய உரிமமா, சரி, மாற்றிக்கொடு' என்று ஒரு நாள் இங்குள்ள அதிகாரி சொல்ல வேண்டுமென்றால் அதற்கான வழி அந்த மையங்கள் வழியாகத்தான் போகிறது. ஒப்பந்தம் அதற்குப் பிறகு வரும்.

இனி உங்களுக்கு இருக்கும் இரண்டு மாதத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம்.

புதிதாகக் கற்பவருக்கு இங்கே 14 வகுப்புகளும், ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில், இரவில் என்று 12 சிறப்பு ஓட்டங்களும் கட்டாயம். இந்திய உரிமம் இருப்பதால் உங்களுக்கு அது கட்டாயமில்லை, தேர்வுகள் மட்டும்தான். பல பயிற்சிப் பள்ளிகள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை, நீங்கள் கேளுங்கள். அதற்காக வகுப்பே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஓட்டும் தேர்வுக்கு எப்படியும் ஒரு பள்ளியின் வண்டியும் பயிற்றுநரும் வேண்டும். பத்துப் பதினைந்து பாடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கச் சாலை, வலக்கையில் கியர், நெடுஞ்சாலையில் வேகமெடுத்துக் கலப்பது, இந்த மூன்றுக்கு மட்டுமே அதில் பாதி போய்விடும்.

கண் பரிசோதனைச் சான்று, ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிச் சான்று, புகைப்படம், உரிமத்தின் அசலும் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் தயார் செய்யுங்கள். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். 30 கேள்வி, தவறுக்கு ஏற்ப 2 முதல் 5 வரை புள்ளி ஏறும், பத்தைத் தாண்டினால் தோல்வி. ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினாலும் தோல்விதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகளிலிருந்து எடுப்பார்கள் என்பதால் 'அனுபவம் இருக்கிறதே' என்று படிக்காமல் போகாதீர்கள்.

ஓட்டும் தேர்வு மொத்தம் 55 நிமிடம். தேர்வாளர் பின்னால் உட்கார்ந்திருப்பார், பயிற்றுநர் பக்கத்தில். பயிற்றுநர் தன் பிரேக்கைத் தொட வேண்டி வந்தால் அங்கேயே முடிந்தது. நம்மவர்கள் விழும் இன்னொரு இடம், திரும்பும் முன் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்காதது. கண்ணாடியில் பார்த்தேனே என்பார்கள். வலப்பக்கம் திரும்பும்போது உங்களை ஒட்டி நேராக வரும் சைக்கிள்காரர் கண்ணாடியில் தெரிய மாட்டார். அதற்காகத்தான் அந்தப் பார்வை. தேர்வு முடிந்த பிறகும் அதை விடாதீர்கள்.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: ஜெர்மன் அட்டையைத் தரும்போது உங்கள் இந்திய அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படி எடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவே பல வாரம் ஆகும், ஆகவே இந்த வாரமே கொடுங்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டு தேர்வும் முடியாமல் போக வாய்ப்பு அதிகம். பரவாயில்லை, ஆறு மாதம் கடந்தாலும் தேர்வு எழுதும் உரிமை போய்விடாது, ஓட்டும் உரிமைதான் நிற்கும். அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு மறுநாளிலிருந்து புது அட்டை கைக்கு வரும் வரை அலுவலகத்துக்கு எஸ்-பான் ரயிலில் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பயிற்றுநர்